நீண்ட பயணத்தின் கடைசிப் பத்து நாள் உறவினர் வீடுகளில்: எப்படிப் பிரிப்பது?

பயணப்பிரியை

வணக்கம் நண்பர்களே. பல மாதப் பயணம், பெரும்பாலும் தங்கும் விடுதிகளும் இரவுப் பேருந்துகளும்தான். முடிவில் பத்து நாள் உறவினர்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்ப எண்ணம். மூன்று வீடுகள், மூன்றும் ஒரே நாட்டில். அத்தை வீடு விமான நிலையம் இருக்கும் நகரத்திலேயே. சித்தப்பா வீடு அங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரம். மாமா மகள் வீடு அதையும் தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம். அங்கே மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது. இந்த நாட்டுக்குள் வருவதற்கு முன் கடைசியாக இருக்கப்போவது மலேரியா உள்ள பகுதி. மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பேன்.

எந்த வீட்டுக்கு முதலில் போவது, எங்கே எத்தனை இரவு தங்குவது? அழுக்கு மூட்டையோடு போய் இறங்குவதை எப்படிச் சமாளிப்பது? 60 லிட்டர் முதுகுப்பை ஒன்று, தோள்பை ஒன்று. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

மூட்டைமுடிச்சு

பத்து நாள் என்பது கையில் பத்து நாள் அல்ல, ஒன்பது இரவு. அதில் வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வராது. நாலு மணி நேர ரயில் என்றால் மூட்டை கட்டுவது, நிலையம் போவது, காத்திருப்பது, இறங்கி வீடு சேர்வது எல்லாம் சேர்த்து ஆறு, ஆறரை மணி நேரம். வீடு மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது. அத்தை வீட்டை முகாமாக்குங்கள். முதல் மூன்று இரவு அங்கே. பெரிய பையை அங்கேயே விட்டுவிட்டுத் தோள்பையோடு சித்தப்பா வீடு, இரண்டு இரவு. பிறகு மாமா மகள் வீடு, இரண்டு இரவு. எட்டாம் நாள் முழுக்கத் திரும்பும் பயணம். எட்டு, ஒன்பது இரவுகள் மறுபடி அத்தை வீடு. பத்தாம் நாள் விமானம்.

ஒன்பதாம் நாளைக் காலியாக விடச் சொல்வதற்குக் காரணம் ஓய்வு மட்டுமல்ல. எட்டாம் நாள் ரயில் ரத்தானாலும் விமானம் தப்பாது. தூரத்து வீட்டைக் கடைசியில் வைத்து அங்கிருந்து நேரே விமான நிலையம் என்று போட்டால், ஒரு ரயில் தாமதம் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். குழந்தை இருக்கும் வீட்டைப் பின்னால் தள்ளுவதும் நல்லது. விடுதியிலிருந்தோ விமானத்திலிருந்தோ ஒட்டிக்கொண்ட சளி, காய்ச்சல் பெரும்பாலும் அந்த நாலைந்து நாளில் வெளியே தெரிந்துவிடும்.

ஒரு பொறி: விமானம் பத்தாம் தேதி 00:30 என்றால் ஒன்பதாம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தேதியைப் பார்த்து நேரத்தைப் பார்க்காமல் கடைசி நாளில் விருந்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

வாசற்படி

மூட்டைமுடிச்சு அண்ணா சொன்ன வரிசை சரி. ஆனால் மூன்று வீடு அதிகம் என்பேன். சித்தப்பாவால் பயணம் செய்ய முடியும் என்றால் அவரை அத்தை வீட்டுக்கு அழைத்துவிடலாம். அவர்களுக்கும் ஒருவரை ஒருவர் பார்த்த மாதிரி ஆகும், உங்களுக்கும் இரண்டு இரவு மிச்சம். மூன்று மாதக் குழந்தையோடு இருப்பவரை எங்கேயும் வரச் சொல்லக்கூடாது, அங்கே நீங்கள்தான் போக வேண்டும். அந்த வீட்டில் முதல் தடவையே நாலு இரவு தங்கப்போவதாகச் சொல்லாதீர்கள். இரண்டு இரவு என்று சொல்லிவிட்டு, அவர்களே கேட்டால் ஒன்று கூட்டலாம். குறைப்பது கஷ்டம், கூட்டுவது சுலபம்.

கால்நடை

டிக்கெட் எடுக்கவில்லை என்பது நல்ல செய்தி. எடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஊர் திரும்பும் டிக்கெட் அந்த நகரம் வழியாகத்தான் போகிறது என்றால், தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுக்காமல் 'பல நகரம்' என்ற வகையில் தேடிப் பாருங்கள். சர்வதேசப் பயணத்தில் நடுவே 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது இடைத்தங்கல். சில விமான நிறுவனங்கள் அதே டிக்கெட்டில், கூடுதல் கட்டணம் இல்லாமலோ கொஞ்சம் சேர்த்தோ அனுமதிக்கின்றன. பத்து நாள் வரை அனுமதி உண்டா என்பது கட்டண விதியில் இருக்கும். விலையை மட்டும் பார்த்துவிட்டு விதியைத் திறந்துகூடப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே போக, வர என்று ஒரே டிக்கெட் எடுத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் ஒரு கட்டத்தில் ஏறாமல் விட்டால் அதற்குப் பிறகு உள்ள கட்டங்களை நிறுவனம் தானாக ரத்து செய்துவிடும். "நடுவில் இறங்கி அத்தை வீட்டுக்குப் போய்விட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்" என்பது நடக்காது. பெட்டியில் போட்ட சுமையும் கடைசி ஊருக்கே போய்விடும்.

விசா நாளைக் கையால் எண்ணுங்கள். நீண்ட பயணத்தில் கடைசி நாட்களில்தான் அது இடிக்கும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியை எடுத்துக்கொண்டால் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். பயணத்தின் தொடக்கத்தில் அங்கே மூன்று வாரம் இருந்திருந்தால் அதுவும் அதே கணக்கில் இருக்கலாம். உறவினர் வீட்டில் தங்குவதாக விண்ணப்பிக்கும்போது சில நாடுகள் அழைப்புக் கடிதமோ, வீட்டுக்காரர் உள்ளூர் அலுவலகத்தில் பதிவதோ கேட்கும். அத்தைக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பயணக் காப்பீடு: முடியும் தேதிக்கு முன்னால் நீட்டிக்க வேண்டும், முடிந்த பிறகு பெரும்பாலும் முடியாது. ஆண்டுக் காப்பீடு என்றால் 'ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்' என்று தனி உச்சவரம்பு இருக்கும். வருடம் முழுக்கச் செல்லும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வரி கண்ணிலேயே படாது. உறவினர் வீடு உங்கள் குடியிருப்பு நாட்டிலேயே இருந்தால் அங்கே இறங்கியதும் காப்பீடு முடிந்துவிடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாவி

அழுக்கு மூட்டை பற்றி. அழுக்கை எடுப்பது வேறு, மூட்டைப்பூச்சியை ஒழிப்பது வேறு. விடுதியிலிருந்து வருகிறவர் இரண்டாவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அத்தை வீட்டுக் கட்டிலில் ஒரே ஒரு சினைப் பூச்சி ஏறினாலும் அதை வெளியேற்ற அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். இரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும் பூச்சி அது.

வாசலில் இறங்கியதும் முதுகுப்பையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கட்டில், சோபா, கம்பளம் எதன் மேலும் வைக்காதீர்கள். குளியலறையோ பால்கனியோ, தரை வழுவழுப்பாக இருக்கும் இடம். அங்கேயே பையைக் காலி செய்து, துணி மொத்தத்தையும் பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு வாயைக் கட்டுங்கள். உடுத்தாத துணியும் சேர்த்துத்தான், 'இது சுத்தமானது' என்ற பிரிவினையே வேண்டாம். அந்தப் பைகளை நேரே இயந்திரத்துக்குள் கவிழ்த்துவிட்டு, காலிப் பையை முடிந்து வெளிக் குப்பையில் போடுங்கள்.

இயந்திரத்தில் சூடுதான் முக்கியம். 60 டிகிரியில் துவைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். 40 டிகிரியில் துணி வெளுக்கும், முட்டை தப்பும். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதைவிட நல்லது: துணி காய்ந்திருக்கும்போதே முதலில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகு துணிக்கு ஏற்ற சூட்டில் துவையுங்கள். ஈரத் துணியைப் போட்டால் முதல் அரை மணி நேரச் சூடு தண்ணீரை விரட்டவே போய்விடும். டிரம்மை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரே தடவையில் திணித்தால் நடுவில் இருக்கும் துணிக்குச் சூடு போய்ச் சேராது. 60 லிட்டர்ப் பைத் துணிக்கு இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

கம்பளி, பட்டு போல் சூடு தாங்காதவற்றை மூடிய பையில் ஃப்ரீசரில் வைக்கலாம். மைனஸ் 18 டிகிரி, நாலு நாள் முழுசாக. மேலே போட்ட அட்டவணைப்படி நீங்கள் ரயிலேறிப் போய்விட்டுத் திரும்பும் வரை அது அத்தை வீட்டு ஃப்ரீசரிலேயே கிடக்கலாம், இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பை. முதுகுப்பையை இயந்திரத்தில் போடக்கூடாது. உள்பக்க நீர்த்தடுப்புப் பூச்சு உரிந்து, வெள்ளைப் பொடியாகக் கொட்ட ஆரம்பிக்கும். ஒரு கைவிளக்கு எடுத்து, ஜிப்பை மூடும் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். முதுகு படும் பஞ்சுக்கும் துணிக்கும் நடுவில் உள்ள தையல், இடுப்புப் பட்டை உள்ளே நுழையும் வாய், இந்த இடங்கள்தான். பூச்சியை விட முதலில் கண்ணில் படுவது தையலோரம் மை தொட்டு வைத்த மாதிரி வரிசையாக இருக்கும் கரும்புள்ளிகள். வளர்ந்த பூச்சி நாலைந்து மில்லிமீட்டர், தட்டையாகப் பழுப்பு நிறம். குஞ்சு கண்ணாடி போல் இருக்கும். முட்டை ஒரு மில்லிமீட்டர் வெள்ளை, தட்டினாலும் விழாது. தூசு உறிஞ்சியின் ஒடுங்கிய முனையால் தையல் தையலாக இழுத்து, அதன் பையை உடனே வெளியே போட்டுவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தோள்பட்டைப் பஞ்சு காய இரண்டு நாள்கூட ஆகும். அதனால்தான் இதை முதல் நாளே செய்ய வேண்டும். ஒன்பதாம் நாள் கழுவினால் ஈரப் பையோடுதான் விமானம் ஏறுவீர்கள்.

பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். பல இடத்துப் பூச்சிகளுக்கு அது பழகிப்போய்விட்டது, மிச்சத்தை நீங்களும் வீட்டில் இருப்பவர்களும்தான் சுவாசிப்பீர்கள். வெயிலில் போட்டால் செத்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். வெளித்துணி சுடும், உள் மடிப்பு சுடாது.

பயணப்பிரியை

அடேயப்பா, நன்றி. போய் இறங்கியதும் "துவைக்கும் இயந்திரம் எங்கே?" என்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா? மாத்திரை பற்றி யாராவது சொல்லுங்களேன்.

வாசற்படி

போய் இறங்கிக் கேட்டால்தான் சங்கடம். ஒரு வாரம் முன்பே செய்தியில் எழுதிவிடுங்கள் தோழி: "விடுதிகளில் தங்கி வருகிறேன், வந்ததும் எல்லாத் துணியையும் சூட்டில் துவைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். மாற்றிக்கொள்ள ஒரு பழைய உடுப்பு மட்டும் எடுத்து வையுங்கள்." அவர்களுக்காகத்தான் செய்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதே செய்தியில் எத்தனை மணிக்கு வீடு சேர்வீர்கள், எத்தனை இரவு, என்ன சாப்பிடமாட்டீர்கள், எந்த நாளில் யாருக்கு வேலை, பள்ளிக்கூடம் என்பதையும் முடித்துவிடுங்கள். காலையில் குளியலறை யாருக்கு எத்தனை மணிக்கு வேண்டும் என்பதையும் கேளுங்கள். கூட்டு வீட்டில் மனத்தாங்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

மருந்துச்சீட்டு

மலேரியா மாத்திரையை அந்தப் பகுதியை விட்டு வெளியேறிய அன்றே நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. அடோவகோன்-புரோகுவானில் என்றால் வெளியேறிய பிறகும் 7 நாள். டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் என்றால் 4 வாரம். அதாவது உறவினர் வீட்டு நாட்களில் பெரும்பகுதி மாத்திரை நாட்கள்தான், 4 வார மாத்திரைக்காரர்களுக்கு ஊர் போன பிறகும் தொடரும். மாத்திரையைத் துணியோடு பெரிய பையில் போட்டு அத்தை வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறாதீர்கள். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் ஏறுவது குறையும்.

மாத்திரை எடுத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. திரும்பிய பிறகு ஒரு வருடம் வரை, அதிலும் முதல் மூன்று மாதத்தில், காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. மலேரியா இல்லாத நாட்டில் மருத்துவருக்கு அது முதலில் நினைவுக்கு வராது. "இன்ன இடத்தில் இருந்துவிட்டு இன்ன தேதி வெளியேறினேன்" என்று நீங்களே முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

குழந்தை விஷயம். மூன்று மாதக் குழந்தைக்குக் கக்குவான் இருமல் உயிருக்கே ஆபத்து. கடந்த சில ஆண்டுகளில் அதற்கான ஊக்க ஊசி போடாதவர் என்றால் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், பார்ப்பதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பு. தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டம்மை, தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும், குழந்தைக்கு அந்த வயதில் அதற்கு ஊசி கிடையாது. இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகவே வேண்டாம். 'தூரமாக நின்று பார்க்கிறேன்' என்பது வீட்டுக்குள் நடக்காது.

வயிற்றுப்போக்கு இருந்தால் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அந்த வீட்டுச் சமையலில் கை வைக்காதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸுக்குக் கை சுத்திகரிப்பான் சரிவர வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். இரவில் மட்டும் அதிகமாகும் அரிப்பு, விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருந்தால் சிரங்குப்பூச்சியாக இருக்கலாம். முதல் தடவை தொற்றுபவருக்கு அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதால் எங்கே ஒட்டியது என்றே தெரியாது. படுக்கையைப் பகிர்ந்துகொள்ளும் முன் காட்டிவிடுங்கள்.

கால்நடை

மருந்துச்சீட்டு சொன்னதோடு ஒன்று: கிழக்கு நோக்கிப் பறந்து வந்தால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும், மேற்கு நோக்கி என்றால் கொஞ்சம் சீக்கிரம் பழகும். மேற்கு நோக்கி வந்து ஐந்து மணி நேர வித்தியாசம் என்றால் முதல் மூன்று நாள் மாலையில் யாரையும் விருந்துக்குக் கூப்பிடவேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். எட்டு மணிக்கே கண் சொருகும்.

பழம்படம்

எல்லோரும் தொற்றையும் டிக்கெட்டையும் பேசிவிட்டீர்கள். அந்த மூன்று வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள், பழைய புகைப்படப் பெட்டி இருக்கும். இந்தப் பத்து நாளில் அதற்கு ஒரு மத்தியான நேரம் ஒதுக்குங்கள். பேச்சு வறண்டுபோகும் பிரச்சினையும் தீரும்.

கையில் ஸ்கேனர் கிடைத்தால் சாதாரணப் புகைப்படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். கைப்பேசிதான் இருக்கிறது என்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், படத்தை மேசையில் தட்டையாக வைத்து நேர் மேலே இருந்து எடுங்கள். மின்விளக்கை அணைத்துவிடுங்கள், பளபளப்புத் தாளில் வெள்ளைப் பொட்டாக விழும். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு எடுங்கள். பின்புறம் எழுதியிருந்தால் அதையும் தனியாக ஒரு படம். பெயரைப் பின்னால் குறிப்பதானால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பந்துமுனைப் பேனா முன்பக்கம் வரை தடம் விடும், மையும் ஊறும்.

குரலைப் பதிவு செய்யும்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து அரை மீட்டருக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் ஒவ்வொரு சத்தமும் இடி போல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்தால் பின்னால் தேட வசதி, பாதியில் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். "பழைய கதை சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் வராது. ஒரு படத்தைக் கையில் கொடுத்து "இவர் யார், இந்தப் படம் யார் எடுத்தது, பின்னால் தெரிவது யார் வீடு?" என்று கேளுங்கள், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். பதிவு செய்வதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைக்கக்கூடாது.

உங்கள் பயணப் படங்களைக் காட்டுவதானால் நாற்பதுக்கு மேல் வேண்டாம், முந்தைய நாளே பொறுக்கி வையுங்கள். ஆயிரம் படத்தை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினால் பத்தாவது நிமிடம் பார்ப்பவர் முகம் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். உறவினர் வீட்டில்தான் நல்ல இணையம் கிடைக்கும், இரவில் மேகச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். அவர்கள் இணைப்புக்கு மாத வரம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

மூட்டைமுடிச்சு

ஒன்பதாம் நாள் வேலை. எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம்: வீட்டு எடைக்கருவியில் பையோடு ஏறி, பிறகு பை இல்லாமல் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். வரம்பு 23 கிலோ என்றால் 22-இல் நிறுத்துங்கள், அந்தக் கருவிகள் அரைக் கிலோ, ஒரு கிலோ பிசகும். கிளம்பும்போது உறவினர்கள் கையில் திணிப்பதற்கும் இடம் வேண்டும். அதற்கு மூன்று கிலோவாவது காலியாக வைப்பேன். ஒரே பை 32 கிலோவைத் தாண்டினால் காசு கொடுத்தாலும் பல நிறுவனங்கள் ஏற்றாது, இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பையில் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. கணக்கு: 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி, பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111, நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அச்செழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் பறிக்கலாம். ஊறுகாய், எண்ணெய், பசை மாதிரி எதைக் கொடுத்தாலும் 100 மில்லிக்கு மேல் என்றால் பெரிய பைக்குள் போட்டுவிடுங்கள். புட்டியில் பாதிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, பல விமான நிலையங்களில் இன்னும் புட்டியின் அளவைத்தான் பார்ப்பார்கள். மண் ஒட்டிய காலணியோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இறங்குகிறவர்கள் அடிப்பகுதியைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள், அங்கே அதைச் சொல்லாமல் கொண்டுபோவது தண்டனைக்குரியது.

பயணப்பிரியை

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், அவரே அத்தை வீட்டுக்கு வருகிறாராம். அப்படியானால் அத்தை வீட்டில் நாலு இரவு, மாமா மகள் வீட்டில் மூன்று இரவு, மறுபடி இரண்டு இரவு என்று போடட்டுமா? ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடலாமா?

மூட்டைமுடிச்சு

போடுங்கள். ஆனால் மாமா மகள் வீட்டில் இரண்டு இரவு என்று சொல்லுங்கள், மூன்றாவது அவர்கள் கேட்டால். போகும் டிக்கெட்டைக் குறைந்த விலையில் இப்போதே எடுக்கலாம். வரும் டிக்கெட் மட்டும் தேதி மாற்றக்கூடிய வகையாக இருக்கட்டும். எட்டாம் நாளுக்குக் காலை ரயில், மாலை ரயில் வேண்டாம். காலை ரயில் போனால் மாலை ரயில் இருக்கும், மாலை ரயில் போனால் அன்றைக்கு வேறு இருக்காது.